மையத்து வீட்டில் குரவை

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"நேத்து மையத்து வீடெண்டு அழப் போய் குரவை போட்டுட்டு வந்தன், ராத்தா."

நான் ஜன்னலைப் பார்த்தபடி காதை மட்டும் முன்னால் வைத்தேன்.

"என்ன புள்ள கதைக்கிறாய்?"

"பாய் இழைக்கிற கதீஜாட மகள் ஓலெவல்ல எட்டுப் பாடத்துக்கும் டி, அதிவிசேட சித்தி. நம்மட பள்ளிக்கூடத்துல இதான் முதல் தடவை. பெரிய சேர் சந்தோசத்துல பள்ளிவாசல் ஸ்பீக்கர்ல சொல்லச் சொல்லிட்டார்."

"அதுல ஆராச்சும் மௌத்தாப் போனாத்தானே சொல்றது!"

"அதான். மோதினார் புள்ளட பேரையும் வாப்பாட பேரையும் சொன்னதும் ஒருத்தரும் மிச்சத்தைக் கேக்கல்ல. அழுதழுது ஓடினம். உம்மாக்காரி வீட்டு முத்தத்துல மயங்கிக் கிடக்காள், பள்ளிக்கூடத்தால ஓடி வந்த மகள் பக்கத்துல இருந்து விசிறுறாள்!"

"அல்லாஹ்வே!"

"பொறகென்ன, அழப் போனவளுகளெல்லாம் குரவைதான்."

"டியூசனும் இல்லாம எட்டும் டி!" மூத்தவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கல்முனைச் சந்தை வரும்போதுதான் கேட்டாள்: "உம்மாக்காரி எழும்பி என்ன சொன்னாள்?"

"'மோதினாரை இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க, நான் மிச்சத்தைக் கேக்கல்ல' எண்டாள்."