கேலபை உட்கார வைத்த எண்

இந்த ஆண்டு நிறைவுப் பரிசளிப்பு விருந்துக்குத் தலைமை தாங்கும் தகைசால் கல்லூரி முதல்வர் அவர்களே! தோற்ற பிள்ளைகளின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்த ஊர்ப் பெரியவர்களே! இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்டு வந்து இந்தச் சர்ச் மண்டபத்தை மணக்க வைத்த தாய்மார்களே! அவர்களுள் எங்கள் அணித்தலைவன் கேலபைப் பெற்ற டோரீன் அம்மையாரே! அணிக்கும் கணக்கு எழுதும் இந்தக் கணக்கு வாத்தியாரின் தலைதாழ்ந்த வணக்கம்.

நம் கூடைப்பந்து அணி இருபத்தைந்து ஆட்டம் ஆடியது, இருபத்திரண்டில் தோற்றது. ஏன் தோற்றோம்? மினசோட்டாப் பனியால் தோற்றோமா? நடுவரால் தோற்றோமா? ஆமாம் என்கிறார் பின்வரிசை நண்பர். இல்லை ஐயா, நடுவருக்கும் கணக்கு வைத்திருக்கிறேன், அவர் நம் பக்கம்தான் சாய்ந்திருக்கிறார். காரணத்தைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று மார்தட்டியவன் நான்.

யார் களத்தில் நிற்கும்போது எத்தனை புள்ளி பின்தங்கினோம் என்று எண்ணினேன். கேலப் நின்ற நேரத்தில்தான் அதிகம்: இருநூற்றுப் பதினான்கு. பயிற்சியாளர் சுண்ட்வாலிடம் தாளை நீட்டினேன். நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டார். "எண்ணு பொய் சொல்லாது கோச்" என்றேன். கொழுப்பு, வேறென்ன?

பிப்ரவரியில் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். படிப்பை முடிக்கும் பிள்ளைகள் அம்மாவின் கையில் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டு, அவர்களே முதலில் களமிறங்குவார்கள். எந்தப் பயிற்சியாளரும் மீறாத வழக்கம். என் தாளை நம்பி நம் கோச் மீறினார். டோரீன் அம்மையார் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, நாற்பது நிமிடமும் பெஞ்சில் இருந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

மறுநாள் அதே தாளை எடுத்தேன். எதிரே நின்றது யார் என்று வரிக்கு வரி ஒப்பிட்டேன். எதிரணியின் பலசாலிகள் ஐவரும் இறங்கியபோதெல்லாம் கோச் யாரை இறக்கினார்? கேலபை! அவர்கள் ஓய்வெடுக்கப் போனதும் யாரை வெளியே அழைத்தார்? கேலபை! அடி வாங்கும் நேரமெல்லாம் அவன் நேரம். அவன் மூச்சு வாங்க உட்கார்ந்த சில நிமிடங்களில் அதே ஐவருக்கு எதிரே மற்றவர்கள் நின்றபோது, நிமிடத்துக்கு நாம் இழந்தது இரண்டு மடங்கு. நம்மைத் தாங்கியவனையே தோல்விக்குக் காரணமென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

அவனைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை.

"நான் இறங்கியிருந்தா ஜெயிச்சிருப்போமா சார்?"

அதையும் கணக்குப் போட்டிருந்தேன். "இல்லப்பா. பத்தொன்பதுல தோத்திருப்போம்."

"அப்ப என்னையும் அவங்களோட சேந்து தோக்க விட்டிருக்கலாமே."

அன்பர்களே, இதற்கு எந்தத் தாளைக் காட்டுவேன்? அடுத்த ஆண்டு வெல்வோமா என்று கேட்பீர்கள். மாட்டோம், நான் பார்த்தவரை வழியே இல்லை. தோற்றாலும் தோற்போம், ஆனால் ஒரு பிள்ளையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தோற்க வேண்டாம்!

டோரீன் அம்மையாரே, உங்கள் மகனின் கடைசி ஆட்டத்தைப் பறித்தவர் கோச் அல்ல, நான். என்னை மன்னியுங்கள் என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. இன்றோடு அணிக்குக் கணக்கு எழுதும் வேலையை விடுகிறேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. இந்த மண்டபத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லி, தன் பதக்கத்தை வாங்க அம்மாவை அனுப்பிய அந்தப் பிள்ளைக்கு என் வணக்கம்.