கரண்ட்டை நிறுத்திவிட்டு வாசித்தவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் திரு. வீரபாகு அவர்களே, எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் செவிலியர் பிரவீனா அவர்களே, கணவரை இழந்து நிற்கும் ஜெயம்மாள் அண்ணி அவர்களே, மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் சொந்த வேலைகளை ஒதுக்கிவிட்டு எங்கள் ஜாஸைக் கேட்க வந்த காஞ்சிபுரத்துப் பெருமக்களே! சாக்ஸபோன் வாசிக்கும் யேசுதாஸ் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

மைக்கை விட்டு இரண்டு அடி தள்ளி நிற்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் தயவுசெய்து முன்னால் வந்து உட்காருங்கள். நான் அதன் அருகே போக மாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் துக்கமாக இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். துக்கமும் இருக்கிறது. ஆனால் எங்கள் குழுவில் பாஸ் என்கிற பெரிய கம்பி வாத்தியம் வாசித்த மின்பணியாளர் தென்னேரி கோதண்டபாணி அவர்கள் இறந்துபோன இந்தப் பதினாறு நாளாக, காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது பயம்தான். ஐம்பத்து மூன்று வயது ஆள் இப்படிச் சொல்லலாமா? சொல்லித்தான் ஆக வேண்டும். அவரைப் பற்றிப் பேசுவதென்றால் பயத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது.

பெருமக்களே, கோதண்டபாணி அண்ணனை உங்களில் பலர் மோட்டார் ரிப்பேருக்கும் வயரிங்குக்கும் கூப்பிட்டிருப்பீர்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். அந்த மனிதர் எப்படி ஜாஸுக்கு வந்தார்? இளவயதில் சென்னையில் ஒரு ஓட்டலில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். அங்கே மாலை நேரத்தில் ஒரு ஜாஸ் குழு வாசிக்கும். அதில் பாஸ் வாசித்தவர் வெளிநாடு போகும்போது, ஆள் உயரம் இருக்கும் அந்த மரக் கருவியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். இவர் யாரிடமும் கேட்காமல், பல்பு மாற்றப் போகும் நேரத்தில் எல்லாம் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்து, காதால் கேட்டே கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியபோது ஓட்டல்காரர்கள் அதை அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

என்னை அவர் கண்டுபிடித்தது ஒரு கல்யாணத்தில். நான் பேண்டு வாத்தியக் குழுவில் ஊதிக்கொண்டிருந்தேன். அவர் சீரியல் லைட் போட வந்திருந்தார். ஊர்வலம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"தம்பி, நடுவுல ஒண்ணு ஊதினியே, அது அந்தப் பாட்டுல இல்லியே?"

"மறந்துட்டேண்ணா. அதான் எதையோ ஊதி ஒப்பேத்திட்டேன்."

"அந்த எதையோதான்பா ஜாஸு. வா, டீ சாப்பிடலாம்."

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய சொந்தக்காரர்கள் யாரும் எங்கள் தெருவுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அவர் அந்தப் பெரிய பாஸைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க வந்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

ஜாஸ் என்றால் என்ன என்று இங்கே இன்னும் சிலர் கேட்பதுண்டு. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். பிறகு ஒருவர் தனியாகப் போவார். எழுதி வைத்தது எதுவும் கிடையாது. அடுத்த நொடியில் என்ன ஊதப் போகிறேன் என்று ஊதுகிற எனக்கே தெரியாது. அப்போது கீழே ஒரு சத்தம் விடாமல் நடந்துகொண்டே இருக்கும். டும், டும், டும், டும் என்று. அதுதான் பாஸ். நான் எங்கே போய்த் தடுமாறினாலும் கால் வைக்க அங்கே தரை இருக்கும். அந்தத் தரையின் பெயர் கோதண்டபாணி!

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள்.

ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. திறந்தவெளி மேடை, இரும்புத் தகடு போட்டது. சாயங்காலம் ஆறு மணி. அதற்குச் சற்று முன்புதான் மழை பெய்து விட்டிருந்தது. என் ஷூவுக்குள் தண்ணீர். நான் தனியாக ஊதும் இடம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். சாக்ஸபோனின் வாய் மைக் ஸ்டாண்டில் பட்டது.

அவ்வளவுதான். உடம்பு முழுக்க யாரோ உள்ளிருந்து பிடித்து உலுக்குவது போல இருந்தது. கையை எடுக்க முடியவில்லை. கத்த முடியவில்லை. ஒரே ஒரு சத்தம் கீச்சென்று நீண்டு, பிறகு அதுவும் நின்றுவிட்டது. உடம்பு மட்டும் ஆடியது. பெருமக்களே, நான் ஆடுகிறேன் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது! விசில் அடித்தது! அந்த விசில் எனக்குக் கேட்டது. நான் சாகிறேன், இவர்கள் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கைதட்டலை நான் இன்றுவரை மறக்கவில்லை. உங்கள் மேல் குற்றம் இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஒருவருக்குத் தெரிந்தது. என் பின்னால் நின்றவருக்கு. "அது யேசு ஊதற ஊத்து இல்ல" என்று கத்தினாராம். பிரவீனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் என்னைக் கையால் தொடவில்லை. தொட்டிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். பாஸைத் திருப்பி, அதன் மர முதுகால் என்னை ஓங்கி இடித்தார். நான் ஒரு பக்கம் விழுந்தேன், மைக் ஒரு பக்கம் விழுந்தது. பாஸின் கழுத்து முறிந்தது. இருபது வருஷம் உயிராக வைத்திருந்த கருவி! ஒரு நொடி யோசித்தாரா? யோசிக்கவில்லை!

எனக்கு மூச்சு இல்லை. அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்த பிரவீனா, டிரம்ஸைத் தாண்டிக் குதித்து வந்து என் நெஞ்சை அழுத்தினார். அந்த இரண்டு பேரால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. உதட்டில் தையல். இரண்டு விரலில் இன்னும் சூடு குளிர் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் சாக்ஸபோனை ஒரு போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சுவிட்ச் போடக்கூட என் மனைவியைக் கூப்பிட்டேன். மிக்ஸி ஓடினால் வெளியே போய்விடுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். "சும்மா ஒரு எடத்துக்கு வா" என்றார். வீரபாகு ஐயா அப்போது தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு வகுப்பறை. ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. பிரவீனா டிரம்ஸோடு உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் ஒரு நாற்பது பேர். தறி ஆசாரி ஒருவர் கழுத்தை ஒட்டிக் கொடுத்த அந்தப் பாஸ் சுவரில் சாய்ந்திருந்தது. என் சாக்ஸபோனை என் மனைவியிடம் சொல்லி முன்பே வாங்கி வந்திருக்கிறார். அதுவும் மேசைமேல் இருந்தது.

"அண்ணா, என்னால முடியாதுண்ணா. வுட்ருண்ணா" என்றேன்.

அவர் நேராக வராந்தாவுக்குப் போனார். மெயின் போர்டைத் திறந்தார். மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிகள் மெதுவாகி நின்றன. திரும்பி வந்து, கழற்றிய ஃபியூஸ் கட்டையை என் சட்டைப் பையில் போட்டார்.

"இந்தக் கட்டடத்து கரண்ட்டு மொத்தமும் உன் பாக்கெட்ல இருக்குது. எதுவும் உன்ன ஒண்ணும் பண்ணாது. இப்போ ஊது."

ஊதினேன். முதல் பத்து நிமிஷம் சத்தமே சரியாக வரவில்லை. அந்த நாற்பது பேரும் வியர்வையில் நனைந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை! அதுதான் நம் முதல் ஞாயிறு கச்சேரி. மைக் இல்லை, விசிறி இல்லை, மாலை நான்கு மணி வெளிச்சம் மட்டும்.

பிறகு மைக் வைத்த மேடைகளுக்கும் போனோம், சென்னைக்கும் போனோம். போகிற இடமெல்லாம் அவர்தான் முதலில் ஏறுவார். டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். அதோடு விட மாட்டார். ஸ்டாண்டையும் மைக்கையும் புறங்கையால் தொடுவார். "உள்ளங்கையால தொட்டா புடிச்சிக்கும்பா. பொறங்கையால தொட்டா தள்ளிவுட்ரும்" என்பார். தொட்டுவிட்டுத் திரும்பி, "வா யேசு" என்பார். அதற்குப் பிறகுதான் நான் ஏறுவேன். பத்து வருஷம், ஒரு மேடைகூடத் தவறியதில்லை.

இவ்வளவு தைரியமான மனிதரா என்று நான் வியந்திருக்கிறேன். எனக்கு இருக்கும் பயத்தில் ஒரு சொட்டாவது இவருக்கு இருக்காதா என்று பொறாமைகூடப் பட்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் பதினெட்டாம் தேதி காலை, மறுநாள் நாங்கள் வாசிக்க வேண்டிய ஒரு மண்டபத்தின் வயரிங்கைப் பார்க்கக் கிளம்பியவர், தென்னேரி பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அறுபத்தொரு வயது.

செய்தி வந்ததும் தென்னேரிக்கு ஓடினேன். ஓடினேன் என்கிறேனே, தெரு முனைவரைக்கும்தான் ஓடினேன். அங்கே நின்றுவிட்டேன். அவர் எங்கள் தெருவுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறார். நான் அவர் தெருவுக்குள் அதுவரை ஒருமுறைகூடப் போனதில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் வாசலில் கூட்டமாக நின்றார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள். வேப்பமரத்தின் கீழே அரை மணி நேரம் நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

ஜெயம்மாள் அண்ணிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவு பேரைத் தாண்டி, தலைவிரி கோலமாகத் தெருவில் நடந்து வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

"இங்க இன்னாப்பா நின்னுக்கினு இருக்க? உள்ள வா. அவரு உனக்காகத்தான் காத்துக்கினு இருக்காரு."

போனேன். யாரும் தடுக்கவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்தேன். "அண்ணி, இனிமே நான் எப்படி மேடை ஏறுவேன்? அண்ணனுக்குப் பயம்னா இன்னான்னே தெரியாது. எனக்கு அப்படி இல்லியே" என்று அழுதேன்.

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உனக்கு மட்டும்தான் பயம்னு நெனச்சிக்கினு இருந்தியாப்பா? கச்சேரி நாள்ல அவருக்குச் சோறு எறங்காது. காத்தாலருந்து கை நடுங்கும். உனக்கு ஷாக் அடிச்சுதே, அன்னிக்கு விழாவுல மூணு மணிக்கே எல்லாத்தையும் செக் பண்ணிட்டாரு. அப்பறம் விழாக்காரங்க லைன மாத்தி ஜெனரேட்டர்ல குடுத்தாங்க. திரும்பவும் பாக்கணும்னு நெனச்சாராம். நேரமாச்சு நேரமாச்சுன்னாங்க, வுட்டுட்டாரு. பதினோரு வருசமா அதையே சொல்லிச் சொல்லி அழுவாரு. அந்த மைக்க தொடறப்ப உயிரு போயி உயிரு வரும் அவருக்கு."

பெருமக்களே! அந்த மனிதரா என்னைப் பார்த்து "வா யேசு" என்று சிரித்தார்? நடுங்குகிற கையையா என் கண் எதிரே நீட்டிக்கொண்டு போய் மைக்கைத் தொட்டார்? ஒரு முறையா, இரண்டு முறையா? பத்து வருஷம்! அது அவர் தவறே இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக்கூடத் தராமல் போய்விட்டாரே! இங்கே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அண்ணா, அது உங்கள் தவறு இல்லை. நீங்கள் இல்லையென்றால் நான் இல்லை.

எனவே உங்களிடம் சில வார்த்தை சொல்லிவிட்டு உட்காருகிறேன். முதல் ஞாயிறு கச்சேரி நிற்காது. பாஸ் இல்லாமல் சாக்ஸபோனும் டிரம்ஸும் மட்டும் வாசிப்போம். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒத்திகையில் இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டேன், கீழே தரை இல்லை என்று. பிரவீனாதான், "நிறுத்தாதண்ணா, தப்பா வந்தாலும் ஊது" என்று திட்டினார். இன்னொன்று. இந்த ஊரில் எந்த விழா மேடையானாலும், கோவிலானாலும் சர்ச்சானாலும் கட்சிக் கூட்டமானாலும், பாடுகிறவர் ஏறுமுன் யாராவது எர்த்தைச் சோதிக்க வேண்டும். கூப்பிட்டால் அண்ணனின் மகன் பாலாஜி வருவார். அவரும் எலக்ட்ரீஷியன். நேற்று அவரே என்னிடம் வந்து இந்த வேலையை ஏற்றுக்கொண்டார். லைனை மாற்றினால் மறுபடியும் கூப்பிடுங்கள். நேரமாகிவிட்டது என்று யாரும் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஜெயம்மாள் அண்ணி எங்கள் கச்சேரியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பயத்தில் வீட்டிலேயே இருப்பாராம். வாசித்து முடித்ததும் அண்ணன் போன் பண்ணி, "எறங்கிட்டோம்" என்று ஒரே வார்த்தை சொல்வாராம். அதற்குப் பிறகுதான் இவர் சாப்பிடுவாராம். நேற்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே போன் பண்ண ஆளு இல்ல. அஞ்சாம் தேதி ஞாயித்துக்கெழம நானே வரேன். நீ ஏறி, நல்லபடியா எறங்கறத கண்ணால பாத்துட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்."

அண்ணி, நான்கு மணிக்குத் தொடங்குவோம். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். வாருங்கள்.