அப்பாவின் கையில் பஞ்சு இல்லை

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். யாருக்காகவும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என் பெயர் மலர்கொடி, தகப்பனார் பெயர் தனகோடி, வயது பதினாறு. மரக்காணம் பாடசாலைத் தெருவில் குடியிருந்துகொண்டு பதினோராம் வகுப்பு படிக்கிறேன். என் தாயார் அம்சவல்லி உடனிருக்க, உப்பள அலுவலகத்தில், உதவி ஆய்வாளர் அமராவதி அவர்கள் விசாரித்ததன்பேரில் இதைச் சொல்கிறேன்.

என் பெற்றோர் இருவரும் சரவணகுமார் என்பவரின் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். புதுச்சேரியில் மூளை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ரோஸ்லின் இந்தக் கோடை முழுவதும் அங்கு வந்து, விருப்பப்பட்ட தொழிலாளர்களிடம் மட்டும் சிறிது ரத்தம் எடுத்துச் செல்வார். எதற்கு என்று நான் கேட்டேன். பக்கவாதம் வந்தால் மூளையில் அடிபட்ட இடம் வீங்கும் என்றும், அந்த அழற்சி முதலில் காக்கும், பிறகு கெடுக்கும் என்றும், அது எப்போது கட்சி மாறுகிறது என்பதையே தேடுவதாகவும், வெயிலில் உழைப்பவர்களின் ரத்தத்தில் அதற்கு முன்னறிகுறி உண்டா என்று பார்ப்பதாகவும் சொன்னார். படிக்கப் புத்தகம் கேட்டேன். கொடுத்தார். பாதி புரிந்தது.

சென்ற சனிக்கிழமை பள்ளி விடுமுறை என்பதால், சோறு எடுத்துக்கொண்டு நானும் உப்பளம் சென்றேன். டாக்டர் என் தகப்பனாரிடமும் ரத்தம் கேட்டார். அவர், "என் ரத்தம் கரிக்கும்மா, உங்க மெஷின் துருப்புடிச்சிடும்" என்று சொல்லிவிட்டு, உப்பு வாரும் பலகையுடன் பாத்தியில் இறங்கிவிட்டார். ரத்தம் கொடுத்தவர்களின் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. அப்பாவின் கையில் பஞ்சு இல்லை.

அதன் பிறகு பலகை அவர் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவர் பாத்தியிலேயே சரிந்தார். வெயிலில் மயங்கியவர் நாக்கில் உப்புக்கல் வைத்து நீராகாரம் புகட்டுவது எங்கள் வழக்கம். மேஸ்திரி வேல்முருகன் உப்பு வைத்தார், அம்மா சொம்பைச் சாய்த்தார். அப்போது டாக்டர் ஓடிவந்து சொம்பைத் தட்டிவிட்டார். சொம்பைத்தான் தட்டினார், என் தாயாரை அடிக்கவில்லை. "ஊத்தாதீங்கக்கா, அவரால முழுங்க முடியாது, நெஞ்சுக்குள்ள போயிடும்" என்று சொல்லி, நாக்கிலிருந்த உப்பை விரலால் வழித்தெடுத்தார். பிறகு அப்பாவைச் சிரிக்கச் சொன்னார். அப்பா சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது.

அதன் பிறகு அவரை டாக்டரின் காரில் ஏற்றினோம். பாதையை மறித்து உப்பு லாரி நின்றது. இது பக்கவாதம், தாமதித்தால் மூளை சாகும் என்று டாக்டர் முதலாளியிடம் சொன்னார். முதலாளி, "வெயில் மயக்கம், தானா தெளியும். லோடு ஏறினாத்தான் வண்டி நவுரும்" என்றார். அதைக் கேட்டு அம்மா காரிலிருந்து இறங்கிப்போய், லாரியில் ஏற்ற வைத்திருந்த ஓர் உப்புக் கூடையைத் தரையில் கவிழ்த்தார். மற்றப் பெண்களும் தலையிலிருந்த கூடைகளைக் கவிழ்த்தார்கள். ஏற்ற ஆளில்லாததால் டிரைவர் தேவா லாரியை நகர்த்தினார்.

புதுச்சேரி மருத்துவமனையில் ரத்த அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். இன்னும் தாமதமாகியிருந்தால் போட்டிருக்க முடியாது என்று அங்குள்ள மருத்துவர் கூறினார். அப்பா உயிருடன் இருக்கிறார். வலது கை எழவில்லை, பேச்சு வரவில்லை. ஆகவே அவர் பார்த்ததையும் நானே சொல்லவேண்டியிருக்கிறது.

டாக்டர் அளவுக்கு மீறி ரத்தம் எடுத்ததால்தான் அப்பா விழுந்தார் என்றும், என் தாயாரை அடித்தார் என்றும் முதலாளி கொடுத்த புகார் பொய். அப்பா கையில் பார்த்ததாக முதலாளி சொல்லும் ஊசித் தடம் மருத்துவமனையில் ஏற்பட்டது. புகாருக்குப் பிறகு டாக்டரின் ஆராய்ச்சியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நேற்று அவர் பார்க்க வந்தபோது, யாரும் கேட்காமலே அப்பா இடது கையை அவர் முன் நீட்டினார். எதற்கு என்று எங்களுக்குப் புரிந்தது. தான் இப்போது ரத்தம் எடுக்கக்கூடாது என்று சொல்லி டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

லாரி விஷயத்தை எழுதத்தான் வேண்டுமா, உன் அம்மா இங்கேதானே வேலை செய்கிறார் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அறையிலிருந்த முதலாளி, "நாலு புக்கு படிச்ச திமிரு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா, "எழுதுங்கம்மா. வேலை போனா போவட்டும்" என்றார்.

எழுதியதை வாங்கி முழுவதும் படித்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது, எல்லாம் உண்மை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது முதலாளி எழுந்துபோய் அறையின் விளக்குகளை அணைத்தார். அதையும் கடைசி வரியாகச் சேர்க்கச் சொல்லி, கதவருகே வெளிச்சத்துக்கு வந்து கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) த. மலர்கொடி

விளக்குகள் அணைக்கப்பட்டன.