ஐம்பதாகவே இருக்கட்டும்

— பாப்பா படத்தை மட்டும் விட்டுடுடா. அந்த லென்ஸ் ஐம்பதுதான்.

— அத்தான் இந்த டிஸ்க் முழுக்க ஐநூறுன்னு மாத்தச் சொன்னார்க்கா. லென்ஸ் விவரம் தப்பா இருந்தா பறவைப் படப் போட்டியில தள்ளிடுவாங்களாம்.

— அவசரத்துல வாத்து, கொக்கோட பெத்த பொண்ணையும் சேத்துட்டார் உங்க அத்தான். ஐநூறு தூரத்துல இருக்கற பறவைக்கு. இவளைப் பக்கத்துல நின்னுல்ல எடுத்தார். அவ ஆபீஸ் வாசல்ல. அப்பான்னு சிரிச்சாளாம்.

— நீயும் போயிருக்கலாம்ல? உனக்குத்தான் வாராவாரம் போன் பண்றாளே.

— கூப்பிட்டாத்தானே போறது? அவ கல்யாணத்துக்கு நாங்க போகல. அவ இந்தப் படி ஏறல. என்னமோ போ.

— சரி, ஐம்பதுன்னு உனக்கு யாரு சொன்னா?

— படத்துக்குக் கீழேயே போட்டிருக்கே. கேமரா பொய் சொல்லுமா?

— அதுக்கு என்னக்கா தெரியும்? இந்த ஐநூறு பழைய லென்ஸ். கேமராவோட பேச்சுவார்த்தையே கிடையாது. எத்தனை எம்எம்னு நாமதான் சொல்லணும். எப்பவோ ஐம்பதுன்னு போட்டவர், ஐநூறை மாட்டினப்புறமும் மாத்தல. வாத்துக்கும் ஐம்பதுன்னுதான் போட்டிருக்கு, பாரு.

— வாத்துக்குத் தப்பு, சரி. பாப்பாவுக்கு நிஜமாவே ஐம்பதா இருக்கக்கூடாதா?

— இருக்கலாம். நில்லு, பெருசு பண்றேன்.

— என்னடா, அவ முகத்தை விட்டுட்டு வேற எங்கயோ போற?

— அவ தலைக்குப் பின்னாடி பாரு. வளையம் வளையமா.

— ஏதோ கடை விளக்குன்னார்.

— இப்ப இந்த வாத்தைப் பாரு. பின்னாடி தண்ணியில.

— அங்கயும் வளையம்.

— இந்த ஐநூறுக்கு நடுவுல ஒரு சின்னக் கண்ணாடி மறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. பின்னாடி இருக்கற வெளிச்சமெல்லாம் வளையமாத்தான் விழும். அவரோட ஐம்பதுல இப்படி வராது.

— அப்ப பக்கத்துல நிக்கலயா?

— ரோட்டுக்கு அந்தப் பக்கம். அதுக்கும் பின்னால.

— சிரிச்சாளே?

— காதுல வயர் பாரு. யார்கிட்டயோ பேசிக்கிட்டிருக்கா.

— இளைச்சுட்டா, கைப்பை புதுசு, நகத்தைக் கடிக்கறதை விட்டுட்டான்னு ஒரு வாரம் சொன்னாரேடா. எல்லாம் இதைப் பெருசு பண்ணிப் பாத்துச் சொன்னதா?

— அக்கா... மாத்தவா, வேண்டாமா? ஒரு தட்டு தட்டினா எல்லாம் ஐநூறாயிடும்.

— வாத்துக்கு மாத்து. அவ ஐம்பதாவே இருக்கட்டும்.

— அத்தான் கேட்டா?

— எதைன்னு கேப்பார், சொல்லு?

— பாவம், பொண்ணை ஒளிஞ்சு நின்னு பாத்திருக்கார். உன்கிட்டயாவது ஞாயித்துக்கிழமையானா போன்ல பேசறாளே, அது ஒரு ஆறுதல்.

— பக்கத்து ரூம்ல உங்க அத்தான் காதைத் தீட்டிக்கிட்டிருப்பார்னு நானா பேசறதுடா அது. அந்தப் பக்கம் யாரும் இல்ல.