மணி தானா அடிக்குது

— இந்தா, திரும்பவும் அடிக்குது பாரு. கேட்டியா உமைரா? நான் போன்ல சொன்னா 'பாத்துக்கிடலாம் அக்கா, பாத்துக்கிடலாம்'ங்க. இப்ப உன் காதாலயே கேட்டுக்கோ.

— அக்கா, நான் இன்னும் பேக்கைக்கூட கீழ வைக்கல. ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிடட்டுமா?

— குடி, குடி. அந்தக் குடத்துல எடு. இரு, அடுப்ப அணைச்சுக்கிடுதேன். முறுக்கு பாதி வேக்காட்டுல கெடக்கு, எல்லாம் இனி நாய்க்குத்தான். ஏங்க! மேல உங்களத்தான்! என்ன வேணும்? எதுக்கு மணி அடிச்சிய?

— நான்... அடிக்கல.

— கேட்டியா? 'நான் அடிக்கல.' காலைலருந்து இது பதினாலாவது தடவ. பதினாலு தடவையும் இதே பதிலுதான்.

— அண்ணாச்சி, நான் உமைரா வந்திருக்கேன். தண்ணி கிண்ணி வேணுமா?

— வேண்டாம்... மக்ளே. நான் அதத்... தொடவே இல்ல.

— தொடவே இல்லையாம். பேய் வந்து அமுக்குது போல, நம்ம வீட்டு மேல்மாடிக்கு. நீ உக்காரு பிள்ள. அந்த எண்ண டின் மேல உக்காராத, வழுக்கும். மாவுச் சட்டிய தள்ளி வச்சிட்டு இங்ஙன உக்காரு.

— லேப்டாப்ப எங்க வைக்க?

— முறுக்கு டப்பா மேல வையி. ஒண்ணும் ஆவாது.

— அரே, இந்தக் கேபிளத்தான் எடுத்துட்டு வந்தேனா? ச்சே. இது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள் அக்கா. மணிக்குள்ள இருக்க போர்டு இதுல பேசவே பேசாது. சீத்தா கேம்ப்லருந்து இம்புட்டு தூரம் வந்து... உங்க போன் சார்ஜர் கேபிள் இருந்தா குடுங்க.

— இந்தா. நுனி கொஞ்சம் பிஞ்சிருக்கும், கோணையா பிடிச்சா வேலை செய்யும். உன் மூஞ்சி ஏன் பிள்ள இப்படி வாடிக் கெடக்கு?

— ஆறு நாளும் ஐரோலி கம்பெனில இதே மாதிரி போர்டத்தான் டெஸ்ட் பண்ணுதேன். ஞாயித்துக்கிழமையும் ஸ்க்ரூ டிரைவர தூக்கிட்டுக் கெளம்புதியே, உனக்கு வேற பொழப்பே இல்லையான்னு எங்க உம்மா ஏச்சு. ஹார்பர் லைன்ல வேற இன்னைக்கு பிளாக்கு, ரயிலே கம்மி. நின்னுக்கிட்டே வந்தேன்.

— உன்னப் போட்டுப் பாடாப் படுத்துதேன். தெரியுது. ஆனா இன்னைக்கு விட்டா எனக்கு நாளே இல்ல.

— ஏன், நாளைக்கு என்ன?

— நாளைக்குக் காலைல ராஜபாண்டி வாரான், வடாலாலருந்து. அவிய தங்கச்சி மவன். இவியள களக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். டிக்கெட் போட்டாச்சு.

— ஊருக்கா? எத்தன நாளைக்கு?

— நாளு என்ன நாளு. அங்கயே இருக்கட்டும்னுதான். அங்க வீடு தரையோட இருக்கு, ஏணி கெடையாது. தங்கச்சி பாத்துக்கிடுவா.

— அக்கா!

— என்ன 'அக்கா'? என் முட்டியப் பாரு, சாமிக்குப் படைச்ச கொழுக்கட்ட மாதிரி வீங்கிக் கெடக்கு. பதினோரு படி. ஒரு நாளைக்கு இருவது தடவ, முப்பது தடவ. முந்தாநாளு கால் வழுக்கி நடு ஏணில தொங்குனேன். நானும் விழுந்து படுத்துட்டேன்னு வையி, பொறவு ரெண்டு பேருமா மணி அடிச்சா எவ வந்து பாப்பா?

— மெல்லப் பேசுங்க. மேல கேக்கும்.

— கேக்கட்டும். பத்துக்குப் பத்து வீட்டுல ரகசியம் என்ன கெடக்கு. இதெல்லாம்கூடப் பெருசில்ல உமைரா. அவிய லக்வாவுல ஒரு பக்கம் விழுந்ததுலருந்து எட்டு மாசம் மேலயும் கீழயும் ஏறினவளுக்கு இன்னும் எட்டு மாசம் ஏறத் தெரியாதா? பொய் சொல்லுதாவளேன்னுதான். அதத்தான் தாங்க முடியல.

— அண்ணாச்சி பொய் சொல்ற ஆளு மாதிரி தெரியலயே.

— எனக்கு மட்டும் தெரியுதா? இருவத்தாறு வருசம் டாக்ஸி ஓட்டுனாவ. சவாரி மறந்து வச்சிட்டுப் போன பைய தேடிப்போயி குடுத்துட்டு வந்த மனுசன். ஒத்தையில கெடக்கேன், வா, வந்து செத்த நேரம் பக்கத்துல உக்காருன்னு சொன்னா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்? சொல்ல மாட்டாவ. அமுக்க வேண்டியது, நான் மூச்சு வாங்க மேல போயி நின்னா 'நான் இல்ல'ன்னு மோட்டுவளையப் பாக்க வேண்டியது. நேத்து மாரியம்மா மேல சத்தியம் வேற.

— அக்கா, நான் மொதத் தடவ வந்தப்போ சால்டரிங் விட்டிருக்கும்னு நெனச்சேன். மறுபடி ஈயத்த ஊத்துனேன். ரெண்டாந் தடவ ஒயரு மேல சந்தேகம் வந்திச்சு.

— அன்னைக்கு என்னமோ சொன்னியே, ஒண்ணும் வெளங்கல.

— மேலருந்து கீழ வரைக்கும் நீள ஒயரு. பக்கத்து வீட்டுல ஜீன்ஸ் தைக்கிற மோட்டார் ஓடுதுல்லா, அந்தக் கரண்டு காத்துலயே வந்து இந்த ஒயர்ல ஏறும். போர்டு அத சுவிட்சுன்னு நெனச்சுக்கிடும். மத்லப்... அதாவது, வாசக் கதவத் தாப்பா போடாம விட்டா காத்துக்கே தட்டும்லா? வந்தது ஆளா காத்தான்னு தெரியாது. நான் ஒரு ரெசிஸ்டர் வச்சு கதவுக்குத் தாப்பா போட்டுட்டேன்.

— போட்ட பொறவும் தட்டுதே.

— அதான் போன வாரம் போர்டையே மாத்துனேன். புரோகிராம்லயும் புதுசா நாலு வரி எழுதி வச்சிட்டுப் போனேன். மணி அடிக்க அடிக்க, எத்தன மணிக்கு அடிச்சுது, எவ்வளவு நேரம் சுவிட்சு அமுங்கிச்சுன்னு குறிச்சு வச்சுக்கிடும். இன்னைக்கு அதப் படிச்சாத் தெரிஞ்சிரும்.

— என்ன தெரியும்?

— ஒண்ணு மிஷின் பொய் சொல்லுது. இல்லன்னா...

— இல்லன்னா அவிய பொய் சொல்லுதாவ. சொல்லேன், வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன. இந்தா பாரு உமைரா, மிஷின் கோளாறுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. இந்த நிமிசமே ராஜபாண்டிக்குப் போனப் போட்டு டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லிருதேன். என்னக் கெட்டுன புருசன் எங்கிட்டயே கெடக்கட்டும். முட்டி போனாப் போவட்டும்.

— ஏக் மினிட். வருது. கேபிள அசைக்காதீங்க... வந்துட்டு.

— என்ன போட்டிருக்கு?

— இருங்க, படிக்கேன். காலைல ஆறு நாப்பதுக்கு ஒரு தடவ. அரை செகண்டு. ஆறு நாப்பத்தொண்ணுக்கு ஒரு தடவ. முக்கா செகண்டு. பொறவு ஏழே காலுக்கு மூணு தடவ, அடுத்தடுத்து...

— ஆமா, ஏழே காலுக்குத்தான் பால் பொங்கி வழிஞ்சுது, நான் மேல நின்னேன். சரி, அதுக்கு என்ன அர்த்தம்?

— இருங்க, திரும்ப ஒரு தடவ மேலருந்து பாக்குதேன்.

— ஏட்டி, பாத்தது போதும், சொல்லு.

— அக்கா, காத்துல வர்ற கரண்டுன்னா கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஆயிரம் தடவ வந்துட்டுப் போயிரும். அத இந்த புரோகிராம் கண்டுக்கிடாம தள்ளிரும். இது அப்படி இல்ல. எல்லாமே அரை செகண்டு, முக்கா செகண்டு. நிதானமா அமுக்கி, நிதானமா விட்டுருக்கு.

— மோட்டார் இல்லையா?

— பக்கத்து வீட்டுல இன்னைக்கு ஞாயிறு, மோட்டாரே ஓடல. போர்டு நல்லாத்தான் இருக்கு அக்கா. அமுக்குனது கை.

— அவியதான். அவிய கைதான்.

— அக்கா, அழுவாதீங்க.

— நான் எங்க அழுதேன். வெங்காயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஏங்க! கேட்டுச்சா? உமைரா மிஷின் பொய் சொல்லலங்கா!

— சத்தியமா... நான் இல்ல பூமாரி.

— இன்னும் சத்தியமா! எழுதி வச்சிருக்கு அதுல, மணியோட எழுதி வச்சிருக்கு!

— என்ன... அனுப்பணும்னா... அனுப்பு. பொய்யின்னு மட்டும்... சொல்லாத.

— பாத்தியா, பேசத் தெரியல, ஆனா எங்க குத்தணும்னு தெரியுது. பட்ட கால்லயே படும்ங்கறது இதான். போதும் பிள்ள. பொட்டியக் கெட்டிருதேன்.

— நான் பேசாம மிஷின் கோளாறுன்னே சொல்லிட்டுப் போயிருக்கலாம்.

— சொல்லிருந்தா நம்பிருப்பேன். அப்படிச் சொல்லுவன்னுதான் உன்னக் கூப்பிட்டேன் போல. நீ பாவம் படிச்ச பிள்ள, உண்மையச் சொல்லிட்ட.

— ஒண்ணு கேக்கணும். ஒயரு மேல சுவிட்ச் பக்கம் ரொம்ப இழுபட்ட மாதிரி இருக்கே. நான் தலமாட்டுல இடது பக்கச் செவுத்துலதான ஒட்டிட்டுப் போனேன்?

— அந்தப் பசை எப்பவோ விட்டுட்டு. சுவிட்சு பாயில உருண்டு உருண்டு ஓடும். ஒரு கைய வச்சுக்கிட்டு அவிய தேடிப் பிடிக்கறதுக்குள்ள படுக்கையிலயே போயிருதாவ. அதான் வலது கைக்கு அடியில சொருவி வச்சிட்டேன்.

— வராத கைக்கு அடியிலயா?

— பின்ன? அதான் லக்வா அடிச்ச அன்னையோட செத்துட்டுல்லா. வச்ச எடத்துல அம்மிக்கல்லு மாதிரி கெடக்கும், சுவிட்சும் ஓடாது. கூப்பிடணும்னா நல்ல கைய இந்தப் பக்கம் கொண்டாந்து அமுக்குவாவ. எனக்கும் போத்துன துணி பறக்காம இருக்க வேற கல்லு தேட வேண்டாம்.

— எப்பலருந்து அப்படி வச்சிருக்கீங்க?

— அது ஆச்சு ஒரு மாசம்.

— அக்கா! அந்தக் கையோட பாரமே சுவிட்ச அமுக்கியிருந்தா?

— ஏ... ஆமா! அப்ப அவிய பொய் சொல்லலையா? பாரம்தானா? ஏ மாரியாத்தா, நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே. இரு, போன எங்க வச்சேன்...

— இல்ல. இருங்க அக்கா. இருங்க.

— இப்ப என்ன?

— பாரம்னா அமுக்குனது அமுக்குனபடியே கெடக்கும். மணி நிக்காது. இது அமுக்கி விட்டுருக்கு, திரும்ப அமுக்கி விட்டுருக்கு. ஏழே காலுக்கு மூணு தடவ. கல்லு அப்படிச் செய்யாது.

— உனக்கு ஒரு மனசு இல்லையா பிள்ள? ஒரு வாய் சோத்தக் காட்டிட்டுப் பிடுங்குதியே.

— மாஃப் கரோ அக்கா. எனக்கும் ஆசையாத்தான் இருந்திச்சு.

— விடு. நான் போயி அந்தச் சனியனப் பிடுங்கி எறிஞ்சிட்டு வாரேன். நாளைக்குப் போறவியளுக்கு மணி எதுக்கு?

— பிடுங்காதீங்க. ஒரே ஒரு டெஸ்ட். நீங்க மேல போயி அண்ணாச்சியோட நல்ல கையக் கெட்டியா பிடிச்சுக்கிடுங்க. நான் இங்க ஒயரப் பூரா ஆட்டிப் பாக்குதேன். எங்கயாச்சும் நசுங்கி இருந்தா இப்ப அடிக்கும். அடிக்கலன்னா கதம், நான் லேப்டாப்ப மூடிருதேன்.

— இன்னும் ஒரு தடவ ஏணியா? சரி, இதோட போவட்டும். ஒண்ணு... ரெண்டு... எம்மா, முட்டி...

— மெதுவா அக்கா. கம்பியப் பிடிச்சு ஏறுங்க.

— வந்துட்டேன். ஏங்க, கையத் தாங்க. இதுல்ல, நல்ல கை.

— எதுக்கு?

— டெஸ்டாம்.

— நீ... கையப் பிடிச்சு... ரொம்ப நாளாச்சு.

— பேசாதிய. எனக்கு உள்ள எரிஞ்சுக்கிட்டு வருது. உமைரா! பிடிச்சாச்சு!

— ரெண்டு கையாலயும் பிடிங்க. அசையவே விடாதீங்க.

— ரெண்டு கையாலயுந்தான் பிடிச்சிருக்கேன், நீ ஆட்டு!

— இந்தா ஆட்டுதேன். அடுப்புப் பக்கம்... ஒண்ணுமில்ல. ஏணிப் பக்கம்... ஒண்ணுமில்ல. ஆணி அடிச்ச எடம்... ம்ஹூம். ஒயரு நல்லா இருக்கு அக்கா. அஞ்சு நிமிசம் ஆச்சு, அடிக்கல.

— அப்ப முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. நீங்க கையப் பிடிச்சா அடிக்க மாட்டேங்குது, விட்டா அடிக்குது. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல. கீழ வாங்க, நான் உங்களுக்கு டீ போட்டுத் தாரேன்.

— வாரேன். ஏங்க, ஏன் இப்படி மொறச்சுப் பாக்குதிய? நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்க. எனக்கு மட்டும் உங்கள அனுப்பிட்டு இங்க ஒத்தையில முறுக்குச் சுட ஆசையா?

— பூமாரி... அழாத.

— அரே! அக்கா, அடிச்சிட்டே! அரை செகண்டு... இந்தா, திரும்பவும்! என்ன அக்கா, நான் முடிஞ்சுதுன்னு சொன்ன ஒடனே கைய விட்டுட்டீங்களா?

— இரு பிள்ள, இரு. பாத்துக்கிட்டு நிக்கேன்.

— என்னத்தப் பாக்குதீங்க அக்கா? கைய ஏன் விட்டீங்கன்னு கேட்டேன்.

— விடல பிள்ள. நல்ல கை என் ரெண்டு கைக்குள்ளதான் இருக்கு.