ஆற்றுப் பக்கக் கம்பம்

மைதானத்தின் மேற்குப் படிக்கட்டில் ஓரத்து இருக்கைதான் நல்லது, டேரில். முழங்காலை நீட்டிக்கொள்ளலாம், பிற்பகல் வெயில் முதுகில் விழும். கல்லூரியில் படித்த நாளிலிருந்து நானும் லோவெல் ஹாஸும் அங்கேதான் உட்காருவோம். அவனுக்கும் முழங்கால் வலிதான். ஆனாலும் ஓரத்தை எனக்கே விட்டுக்கொடுத்தான்.

எங்கள் கல்லூரி அணியான ஹார்லன் கிரீக் காட்டுக்கோழிகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபுட்பாலில் எங்களைப் போல் தோற்க அயோவாவில் வேறு கல்லூரி கிடையாது. போட்டிக் கல்லூரியான செயின்ட் ஓட்டோ ஆட்கள் எங்கள் சட்டையைப் பார்த்தாலே கொக்கரித்துக் காட்டுவார்கள். ஜெயிக்கிறவனுக்குக் கைதட்ட யாராலும் முடியும். தோற்கிறவனோடு மழையில் உட்கார்ந்திருக்க ஒரு மனசு வேண்டும். என் டயர் கடைக்கு வருகிறவர்களில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. ஆனால், "வெர்ன் டிட்மர் கடைசி நிமிஷம் வரைக்கும் உட்காருவான்யா" என்று சொல்லாத ஆளும் இல்லை. எனக்கு இந்த ஊரில் இருக்கும் பெயர் அது ஒன்றுதான்.

நான் படித்த காலத்தில் ஒரே ஒரு தடவை செயின்ட் ஓட்டோவை ஜெயித்தோம். அப்படி ஜெயித்தால் கூட்டம் உள்ளே இறங்கி, கோல் கம்பத்தைச் சாய்த்து, தோளில் தூக்கிப் போய் ஆற்றில் போட வேண்டும். அன்று நாங்கள் ஏறித் தொங்கினோம், ஆட்டினோம், உதைத்தோம். கம்பம் அசையவில்லை. இருட்டியதும் ஒவ்வொருவராக நழுவினோம். செயின்ட் ஓட்டோ ஆட்கள் பேருந்து ஜன்னலில் தலையை நீட்டி, "டேய், ஒரு கம்பத்தைச் சாய்க்கக்கூடத் துப்பில்லையாடா உங்களுக்கு?" என்று சிரித்தார்கள். ஜெயித்த அன்றும் எங்கள் மானம்தான் போனது.

பிறகு நான் கடை வைத்ததும், சனிக்கிழமை காலைகளில் மைதானத்துக்குக் கோடு போடும் வேலையைச் சம்பளமில்லாமல் கேட்டு வாங்கிக்கொண்டேன். வாசல் சாவி என்னிடம் வந்தது. செயின்ட் ஓட்டோ இங்கே ஆட வரும் நாட்களில், கோடு போட்டு முடித்ததும், ஆற்றுப் பக்கக் கம்பத்தின் அடியில் சுற்றியிருக்கும் மெத்தையை விலக்கி, கடை ஸ்பேனரால் நட்டுகளைத் தளர்த்துவேன். கழற்ற மாட்டேன். ஏதோ கொஞ்சம் பிடித்திருக்கும்படி விடுவேன். ஆட்டம் தோற்று எல்லாரும் போனபின் மறுபடி முடுக்கிவிட்டு வருவேன். நீங்கள் அந்த நட்டுகளில் பார்த்த கீறல்கள் ஒரு நாளில் விழுந்தவை அல்ல. இதற்கு உங்கள் ஷெரிஃப் அலுவலகத்தில் வேறு பெயர் இருக்கலாம். நான் நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டேன்.

ஆபத்து தெரியாதவன் இல்லை நான். ஜெயிக்கும் நாளில் நானே முதல் ஆளாக இறங்கி, கம்பத்தடியில் நின்று, அது சாயும் பக்கத்திலிருந்து ஆட்களை விலக்குவதாக இருந்தேன். லோவெலிடம்கூடச் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் தங்காது.

இந்தத் தடவை செயின்ட் ஓட்டோ வந்த அன்று, பாதி ஆட்டத்தில் நாம் இருபத்தெட்டுப் புள்ளி பின்னால் இருந்தோம். மழை வேறு. இடைவேளை முடிந்து வந்ததும், பக்கத்தில் எதிரி ஒருவன்கூட இல்லாமலே நம் பையன் கையில் ஏந்தி ஓடிய பந்தைக் கீழே விட்டான். எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. எழுந்துவிட்டேன்.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றான் லோவெல்.

"கால் மரத்துப்போச்சு. சும்மா நடந்துட்டு வரேன்."

"வண்டிச் சாவிய கையில வெச்சுக்கிட்டா? நீயாடா? வெர்ன் டிட்மரா?" அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "போடா கோழி. ஜெயிச்சா ஃபோன் போடுறேன்."

"யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதடா."

"சொல்லாம? நாளைக்குச் சர்ச்சுல எந்திரிச்சு நின்னு சொல்றேன் பாரு."

நட்டுகளைச் சாயங்காலம் வந்து முடுக்கிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல் ரேடியோ கேட்டேன். நம் பையன்கள் ஒன்று போட்டார்கள். இன்னொன்று, இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனார்கள். சமன் ஆனதும் வண்டியைத் திருப்பினேன். நான் மைதானத்து வாசலில் இறங்கும்போது ஜெயித்தாகிவிட்டது. கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது.

அந்த வாசலிலிருந்து ஆற்றுப் பக்கக் கம்பம் கூப்பிடு தூரம். மேலே பையன்கள் கொத்தாகத் தொங்கினார்கள். கீழே லோவெல் இரண்டு கைகளையும் கொடுத்து அவர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டிருந்தான், இருபது வயது மாதிரி. கம்பம் ஆட ஆரம்பித்திருந்தது. நேராக ஓடியிருக்கலாம். நின்ற இடத்திலிருந்தே கத்தியிருந்தாலும் கேட்டிருக்கும்.

ஆனால் வாசல் பக்கம் முழுக்கத் தெரிந்த முகங்கள். எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். என் கோட்டு காய்ந்திருந்தது. வெளியிலிருந்து வருகிறேன் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். அதனால் படிக்கட்டுக்கு அடியில் புகுந்து, சுற்றிக்கொண்டு போனேன். அங்கே ஓரிடத்தில் மேலிருந்து தண்ணீர் ஒழுகும். அதில் நின்று தலையையும் தோள்களையும் நனைத்துக்கொண்டேன். முதுகும் நனையட்டும் என்று திரும்பி நின்றபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது, சாய்ந்த கம்பத்தடியில் லோவெலைச் சுற்றி ஒரு சிலர் நின்றார்கள். மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது, பாடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு மூச்சு இல்லை.

அடக்கத்தன்று லோவெலின் மனைவி ஆர்டிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துலதான இருந்த வெர்ன், ஜெயிச்சப்ப அவர் என்ன பண்ணாரு?" என்று கேட்டாள்.

"என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான்" என்றேன். ரேடியோவில் கேட்ட கடைசி ஆட்டத்தை, நேரில் பார்த்தது போல ஒன்றுவிடாமல் அவளுக்குச் சொன்னேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

வெட்கமாக இருக்கிறது, டேரில். கடையில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் உட்கார்ந்தவன், இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாதா?

நட்டுகளைத் தளர்த்தியது நான்தான் என்று எழுதுங்கள். அவன் சாவுக்குக் காரணம் நான் என்றும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருடம் கொடுத்தாலும் போகிறேன். பாதியில் எழுந்து போனதை மட்டும் விட்டுவிடுங்கள். அதைப் பார்த்தவன் லோவெல் ஒருவன்தான். அவன் இனி யாரிடமும் சொல்லப் போவதில்லை.