கறுப்புக் கம்பி

பேட்டரியைக் கழற்றும்போது கறுப்புக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்பானர் தகரத்தில் உரசிப் பொறி பறக்கும். வண்டியை விலைக்குக் கேட்டு வருகிறவர்கள், இத்தனை வருஷம் நின்ற வண்டியில் பேட்டரி எப்படி இறங்காமல் இருக்கிறது என்று கேட்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தால் போதும்.

அன்று காலையிலும் கறுப்புக் கம்பி கழன்றுதான் கிடந்தது. முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு வாஸலின் தடவிக்கொண்டிருந்தேன். என் மகள் அமுதம் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாத வயிற்றோடு வேனின் படியில் உட்கார்ந்து வாஸலின் டப்பாவைப் பிடித்திருந்தாள்.

"எனக்கு ஒரு சொட்டு எண்ணெ தேய்ச்சுவுட ஆளக் காணும். பேட்டரிக்கு வாஸலினா? அப்பா ஒன்ன நம்பி என்னைய வுட்டுட்டுப் போனாங்களா, இத வுட்டுட்டுப் போனாங்களா?" என்றாள்.

"ரெண்டையுந்தான்" என்றேன். இருவரும் சிரித்தோம். மதியத்துக்கு முன்பே அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் வைத்தியலிங்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்கால் பக்கம் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். பட்டாளத்திலிருந்து விடுபட்ட பிறகும் பிரான்சில் மார்சே நகரத்தில் ஒரு தொழிற்சாலைக் காவலுக்கு இருந்தார். எழுபத்துமூன்றில், கூட்டாளிகள் இரண்டு பேருடன், துருக்கி, ஈரான் எல்லாம் தாண்டித் தரைவழியாகவே இந்த வேனை ஓட்டிக்கொண்டு விழிதியூருக்கு வந்து சேர்ந்தார். உள்ளே இரண்டு படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஸ்டியரிங் இடது பக்கம். ஊரே வந்து பார்த்தது. மருத்துவச்சி காசியம்மா சுற்றிச் சுற்றி வந்து, "வூடு நல்லாத்தான் இருக்கு, கொல்லப்புறம் எங்க?" என்று கேட்டாள்.

தையிலிருந்து வைகாசி வரை ஊரில் இருப்பார். பிறகு பிரான்சுக்குப் போய்விடுவார். அவர் இல்லாத மாதங்களில் வேன் நெல் கொட்டகைக்குள் நிற்கும். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஒன்றும் ஓடாவிட்டாலும் உள்ளே இருக்கும் கடிகாரம் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் கறுப்புக் கம்பியைக் கழற்று. தண்ணீர் குறைந்தால் பேட்டரித் தண்ணீர் மட்டும் ஊற்று, கிணற்றுத் தண்ணீர் ஆகாது. மாதம் ஒரு தடவை காரைக்காலுக்குக் கொடுத்தனுப்பிச் சார்ஜ் ஏற்று. கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பார்; உள்ளே மிதவை பச்சைக் கோட்டில் நின்றால் நல்லது, சிவப்பில் நின்றால் செத்தது. நான் எட்டாவது வரை படித்தவள். ஒரு தடவை சொன்னால் எனக்குப் போதும்.

அவர் ஊரில் இருக்கும்போது, முன்னால் ஏறி உட்கார்ந்து சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் பேட்டரிக்கு அருகில் ஸ்பானரோடு நிற்கும் என்னிடம் ஒரே சொல்தான் சொல்வார். "மாட்டு." திரும்பி வந்ததும், "கழட்டு." சில நாட்களில் எங்களுக்குள் நடந்த பேச்சே இவ்வளவுதான்.

வேன் வந்த இரண்டாம் வருஷம் ஒரு தவறு செய்தேன். தெருப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று கம்பியை மாட்டி, உள்ளே விளக்கைப் போட்டுக் காட்டினேன். கழற்ற மறந்துபோனேன். அவர் வந்து, சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. நாலு பேர் தள்ள இறங்கப் போனார்கள். "யாரும் எறங்க வேணாம். அவ தள்ளட்டும். ஒரு கம்பியப் பாத்துக்கத் துப்பில்லாத கழுத" என்றார். அவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, நான் தள்ளினேன். வண்டி அசையவில்லை. அசையாது என்று அவருக்கும் தெரியும். தெருவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களும் என்ன செய்வார்கள், பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

எழுபத்தேழில் பஸ் ஏறும்போது அவர் சொன்னது இது: "நான் சொல்லாம எவனும் கம்பிய மாட்டக் கூடாது. நீயுந்தான்." சரி என்றேன். ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொள்ளும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது.

அமுதத்துக்கு வலி எடுத்த அன்று ஐப்பசி மழை. மதியத்துக்கு மேல் காசியம்மா உள்ளேயிருந்து வெளியே வந்தாள். கையெல்லாம் ரத்தம். "யம்மா, இது எங்கையில நிக்கிற ரத்தம் இல்ல. காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க" என்றாள். மதியத்தில் பஸ் கிடையாது. அடுத்த தெரு மன்சூர் அலி லாரி ஓட்டுகிறவன், அன்று வீட்டில் இருந்தான். சத்தம் கேட்டு நனைந்துகொண்டே ஓடிவந்தான். அவனுக்கு அந்த வேனை ஓட்டத் தெரியும். என் கணவரே பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, சாவியக் குடுங்க."

"அவங்க ஒண்ணும் சொல்லலையேப்பா."

"பிரான்சுலேருந்து வந்தா சொல்லுவாங்க? புள்ள கெடக்குறதப் பாருங்கக்கா."

நான் காத்தமுத்துவை வண்டி கட்டச் சொன்னேன். எங்கள் நிலத்தில் வேலை பார்ப்பவன். மாடுகள் நல்ல மாடுகள். தலைப்பிரசவம் நேரம் எடுக்கும், போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். அது நியாயமான கணக்குத்தான். வழியில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. மன்சூரும் காத்தமுத்தும் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். என் மடியில் தலை வைத்திருந்த அமுதம், அரசலாற்றுப் பாலம் தெரிவதற்கு முன்பே குளிர்ந்துவிட்டாள். குழந்தை வெளியே வரவேயில்லை.

கருமாதிக்கு அவர் வந்தார். அழுதார், இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு, பந்தல் நிறைய ஆட்கள் இருக்கும்போது என்னைப் பார்த்து, "மடச்சி, அவசரத்துக்கு எடுக்க வேணாம்னு எவன்டி சொன்னான்? கொட்டாயில வண்டிய வச்சுக்கிட்டு எம்புள்ளயக் கொன்னுட்டியேடி" என்றார். கேட்டவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தெருவில் நான் வண்டி தள்ளியபோது பார்த்த அதே முகங்கள். இந்தத் தடவை சிரிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று சாயந்திரம் அவர் கொட்டகைக்குப் போய்க் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பார்த்தார். மிதவை பச்சையில் நின்றது. நன்றாக வைத்திருக்கிறாய் என்றுகூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு நான்கு வருஷம் அவருக்குச் சோறு போட்டேன். துணி துவைத்தேன். மாட்டு என்றால் மாட்டினேன், கழட்டு என்றால் கழற்றினேன். எண்பதில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். மழைக்காலத்தில் மட்டும் வேனை வெளியே எடுக்க மாட்டார். தகரம் துருப்பிடிக்கும் என்று ஐப்பசியிலிருந்து தை வரை கொட்டகையில் நிறுத்திவிடுவார். கம்பியைக் கழற்றும் வேலை என்னுடையது.

எண்பத்தொன்று, அதே ஐப்பசி. காலையில் காபி குடித்துவிட்டுக் கிணற்றடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். வாளி உருளும் சத்தம் கேட்டுப் போனேன். வலது பக்கம் அப்படியே விழுந்துவிட்டிருந்தது. வாய் கோணி, ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. தூக்கித் துவைகல்லில் சாய்த்து உட்கார வைத்தேன். நுரையைத் துடைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, மிகவும் கஷ்டப்பட்டு ஒரு சொல் சொன்னார்.

"மா... ட்டு."

மற்ற சொற்கள் எல்லாம் போய்விட்டன போலிருக்கிறது. இது மட்டும் மிஞ்சியிருந்தது. இடது கையைத் தூக்கி முறுக்கிக் காட்டினார். ஸ்பானரைத் திருப்புவது போல.

இந்தத் தடவையும் மன்சூர்தான் ஓடிவந்தான். "அக்கா, சாவி எங்க? வேன எடுத்துருவோம்."

"அவங்க மாட்டுங்குறாங்கப்பா. மாட்டு வண்டிதான் கட்டச் சொல்றாங்க. மழைக்காலத்துல வேன எடுத்தா அவங்களுக்குப் புடிக்காது."

மன்சூர் என்னைப் பார்த்தான். அவர் கையைப் பார்த்தான். அவன் பத்தாவது வரை படித்தவன். என் இடுப்பில் ஸ்பானர் இருந்தது அவனுக்குத் தெரியும். ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து அதைப் பிடுங்க முடியாது என்பதும் தெரியும். "எங்கேயாவது காரு கெடக்குதா பாக்குறேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைக்கால் பக்கம் போனான். போகட்டும் என்று விட்டேன். காத்தமுத்து வண்டி கட்டினான். வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, தலைக்கு இரண்டு தலையணை வைத்தேன். குறை வைக்கவில்லை.

வழியெல்லாம் அவர் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே வந்தார். கையை முறுக்கிக்கொண்டே வந்தார். காத்தமுத்து திரும்பிப் பார்த்து, "அய்யா என்னமோ சொல்றாங்களேம்மா?" என்றான்.

"மாட்ட அடிக்காதங்குறாங்க. அலுங்காம போ" என்றேன்.

அவன் தார்க்கம்பைக் கீழே வைத்துவிட்டான். மாடுகள் அவற்றின் நடையில் நடந்தன. அப்போது அவர் கையை முறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். படித்தவர், நாலு தேசம் பார்த்தவர். மன்சூர் பிடித்த கார் எதிரே வந்து சேர்ந்தபோது பாலம் தெரிந்தது. அவருடைய கண் திறந்திருந்தது, அதில் பார்வை இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், சீக்கிரம் வந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்றார். ஊரில் எல்லோரும், கடைசி நேரத்திலும் மாட்டை அடிக்காதே என்று சொன்ன மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. மன்சூர் மட்டும் அதற்குப் பிறகு என் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அது அவன் இஷ்டம்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கம்பியைத்தான் சொன்னார். கிணற்றடியில் முதல் தடவை சொன்னபோதே எனக்குத் தெரியும். ஓடிப்போய் மாட்டி, மன்சூர் கையில் சாவியைக் கொடுத்திருந்தால் அவர் உயிரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். மாட்டவில்லை. மகள் போன வண்டியிலேயே, அதே பாதையில், அதே வேகத்தில் அவரைக் கொண்டுபோனேன். இன்னொரு தடவை அந்தக் காலை வந்தாலும் காத்தமுத்துவைத்தான் கூப்பிடுவேன். இரண்டு பேரை வண்டியில் ஏற்றினேன். ஒருவருக்கு மட்டும்தான் நான் பதில் சொல்ல வேண்டும். இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மகள் போன அன்று அவர் சொன்னபடி நான் கேட்டேன், அவ்வளவுதான்.

அந்த எழுபத்தேழாம் வருஷத்துப் பஸ் பழைய பஸ். கிளம்பும்போது எஞ்சின் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அமுதத்துக்கு ஒண்ணுன்னா யோசிக்காத, மன்சூர வச்சு வண்டிய எடுத்துக்க" என்றார். பஸ் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை.

இது மூன்றாவது பேட்டரி. காலையில் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்த்தேன். மிதவை பச்சையில் நிற்கிறது.